வாடகை எழுத மறந்த கணக்கு

எங்கள் ஊரில் வீட்டை விட்டுப் போவது ஆண்களின் வேலை. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் தன் உடுப்புகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். சண்டை முற்றினால் அதே பெட்டியோடு அவர்தான் வெளியேறுவார். பெண் எங்கும் போவதில்லை. அவள் பிறந்த அன்றே தாய்க்காரி வீட்டு வளவில் ஒரு பக்கத்தைக் கண்ணால் அளந்து வைத்துவிடுவாள். பிறகு அந்த இடத்தில் சுவர் எழும்பும், கூரை ஏறும், உறுதிப் பத்திரம் அவள் பெயரில் எழுதப்படும். கொழும்பிலிருந்து நான் வேலை பார்த்த அரசாங்கக் கந்தோருக்கு வந்திருந்த ஓர் உத்தியோகத்தர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் உங்கள் ஆண்களுக்கு என்னதான் சொந்தம் என்று கேட்டார். மோட்டார் சைக்கிள் என்றேன். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

ஆகவே நான் கணக்காளர் பரீட்சையில் தேறி, கொழும்பில் நியமனம் கிடைத்து, கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே குடிபோகிறேன் என்று சொன்னபோது கல்முனையில் எங்கள் உறவுக்காரர் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. பெண் படிக்கப் போவாள், உம்ராவுக்குப் போவாள், வெளிநாட்டுக்கு வேலைக்குக்கூடப் போவாள். எல்லாமே போய்விட்டுத் திரும்பி வருகிற பயணங்கள். குடும்பத்தோடு பெயர்ந்து போகிற பெண்ணை அவர்கள் கண்டதில்லை. கணவருக்கு அங்கே வேலையா என்று கேட்டார்கள். இல்லை, வேலை எனக்கு என்றேன். அவரும் வருகிறாரா என்று கேட்டார்கள். வருகிறார் என்றேன். பாவம் மனிசன் என்றார்கள்.

அந்தப் பாவம் மனிசன் கிணற்று மோட்டார், வயல் மோட்டார் எல்லாவற்றுக்கும் கம்பி சுற்றிக் கொடுப்பவர். கம்பி கருகாத ஊர் இலங்கையில் இல்லை, எங்கே போனாலும் எனக்குப் பிழைப்பு இருக்கிறது என்று அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவரிடம் எனக்கு வாதாட வேண்டியிருக்கவே இல்லை.

வாதாட வந்தவர் காக்கா. என் அண்ணன். கல்யாணமாகி ஒரு பெட்டியோடு அக்கரைப்பற்றுக்குப் போனவர், அங்கே மனைவியின் வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டு எனக்குப் புத்தி சொன்னார். இந்த நியமனத்தை விட்டுவிடு, எப்படியும் கல்முனையில் ஒரு பதவி வரும், அதுவரை பொறு என்றார். அந்தப் பரீட்சைக்கு நான் எப்படிப் படித்தேன் என்று அவருக்குத் தெரியாது. குசினியில் சோறு கொதிக்கக் கொதிக்க நிதிப் பிரமாணம் படித்தேன். இரண்டு தடவை தவறினேன். இந்த நியமனத்தை ஏற்காவிட்டால் அது பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும், பிறகு நான் ஓய்வு பெறும்வரை இன்னொருவர் கையெழுத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். காக்காவுக்குத் தேநீர் கொடுத்தேன். போகிறேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு கணக்குப் போட உட்கார்ந்தேன். கணக்கு என் தொழில். எங்கள் கந்தோரின் வருடாந்தச் செலவு மதிப்பீட்டைப் பல வருடமாக நான்தான் போட்டேன். வாளியும் தும்புத்தடியும் வாங்குகிற செலவு வரை ஒன்றும் விடுபட்டதில்லை என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. அதே மிதப்போடு எங்கள் இடப்பெயர்வுக்கும் ஒரு மதிப்பீடு போட்டேன்.

முதலில் லொறி. கொழும்பிலிருந்து எங்கள் ஊர்க் கடைகளுக்குச் சாமான் இறக்க வருகிற லொறிகள் திரும்பும்போது பெரும்பாலும் வெறுமையாகத்தான் போகும். அப்படி ஒன்றைப் பிடித்தால் கூலி பாதியாகும். ஆனால் கடைக்காரர் சாமான் இறக்கி முடித்த உடனே நாம் ஏற்றத் தயாராக நிற்க வேண்டும், சாரதி நமக்காக நிற்கமாட்டார். எதை ஏற்றுவது, எதை விடுவது என்று வீட்டைச் சுற்றி நடந்தேன். கல்யாணத்துக்குச் செய்த பெரிய அலுமாரி எந்த மாடிப்படியிலும் ஏறாது. அதை விட்டேன். தையல் இயந்திரத்தையும் மாவரைக்கும் இயந்திரத்தையும் எழுதினேன். மகளின் பாடசாலை அனுமதிச் செலவு, சீருடை, திரைச்சீலைத் துணி, காஸ் சிலிண்டர், பஸ் கட்டணம், நான் வேலையில் ஒழுங்காக அமரும்வரை மாதச் சம்பளம் தாமதமாகலாம் என்பதற்காக ஒரு கையிருப்பு, எல்லாவற்றையும் எழுதினேன். மீனுக்குக் கொழும்பு விலையை விசாரித்து எழுதினேன். கடற்கரையில் வலை இழுத்து முடிந்த கையோடு வாங்கித் தின்றவர்கள் நாங்கள். அரிசிக்கு மட்டும் எழுதவில்லை, என்னைப் பெற்ற உம்மாவின் வயல் அரிசி பஸ்ஸில் வரும் என்று வைத்துக்கொண்டேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் என் சம்பளத்துக்குள் எல்லாம் அடங்கியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

என் கணவர் அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"வாடகை எங்க எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

என்ன வாடகை என்று நான் திருப்பிக் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வருடா வருடம் அரசாங்கத்துக்கே மதிப்பீடு போட்டவள், லொறிக்காரனுக்குக் கொடுக்கும் தேநீர்க் காசுவரை எழுதியவள், போய் இறங்கிப் படுப்பதற்கு ஒரு கூரை வேண்டும், அதற்கு மாதா மாதம் காசு கொடுக்க வேண்டும் என்பதை எழுதவில்லை. என் உம்மா வாடகை கொடுத்ததில்லை. உம்மாவின் உம்மா கொடுத்ததில்லை. எங்களுக்கு வீடு என்பது கை கால் மாதிரி கூடவே இருப்பது. அவருக்கு அப்படி இல்லை. வேறொருவர் வீட்டுக்குப் பெட்டியோடு வந்து இருந்து பழகியவர் என்பதால் அந்த ஓட்டை அவர் கண்ணுக்குத்தான் பட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது, ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை.

விசாரித்தோம். கொழும்பில் வாடகை மட்டுமில்லை, அதோடு பல மாத வாடகையை முற்பணமாக முன்கூட்டியே வைக்க வேண்டுமாம். அந்த இரண்டையும் எழுதியவுடன் என் அழகான கணக்கு பொத்தென்று விழுந்தது. மோட்டார் சைக்கிளை விற்கலாம் என்றார் அவர். அதைத் தொடவேண்டாம் என்றேன். பிறகு வருமானப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். நாங்கள் போன பிறகு இந்த வீட்டை வாடகைக்குக் கொடுப்பது. அதிக நேரம் யோசிக்காமல் எழுதினேன். யோசித்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அந்த ஒரு வரிக்குத்தான் உம்மா எதிர்த்து எழும்பினார்.

உம்மா அதே வளவில், என் தங்கச்சியின் வீட்டில் இருக்கிறார். சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த வருடம் எங்கள் பழைய வீடு அடியோடு போனது. கரையோரக் காணிக்காரரெல்லாம் உள்ளே போய்க் குடியேறுங்கள், கரையில் கட்ட விடமாட்டோம் என்றார்கள் அதிகாரிகள். எத்தனையோ பேர் போனார்கள். உம்மா போகவில்லை. கூடாரத்திலும் பிறகு தகரக் கொட்டிலிலும் இருந்துகொண்டு, காணி உறுதியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். கட்டக்கூடாது என்ற எல்லை பிறகு சுருங்கியபோது, அதே வளவில் முதலில் எனக்கு ஒரு வீட்டை எழுப்பினார். வாப்பா அப்போது உயிரோடு இல்லை. மேசனோடு சண்டை பிடித்ததும் சீமெந்து மூட்டை எண்ணியதும் எல்லாம் உம்மாதான். அப்படிக் கட்டிய சீதன வீட்டை ஊர்பேர் தெரியாத ஒருவனுக்கு வாடகைக்குக் கொடுப்பதா என்று அவருக்குக் கொதித்தது. ஊர் என்ன சொல்லும் என்றார். மருமகன் வீட்டைத் தின்றுவிட்டான் என்று சொல்லும் என்றார். பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

ஆனால் வீடு பார்க்க வந்தவர்களோடு நன்றாகவே பேசினார். நான் கந்தோரில் இருக்கும் நேரங்களில் வருபவர்களுக்குக் காட்டச் சொல்லி வீட்டுப் பூட்டின் திறப்பைத் தங்கச்சியிடம் கொடுத்து வைத்திருந்தேன். திறப்பு எப்படியோ உம்மாவின் முந்தானை முடிச்சுக்குப் போய்விட்டது. முதலில் வந்தவர்களிடம் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றிருக்கிறார். அடுத்து வந்த மனிதரிடம் மாரி பிறந்தால் முன்கூடத்துக்குள் வெள்ளம் நிற்கும் என்றிருக்கிறார். புதிதாகக் கல்யாணமான ஒரு சோடியிடம் பின்பக்கத்து முருங்கை மரத்தில் ஜின் இருக்கிறது என்றிருக்கிறார். அந்த மரத்தில் நாங்கள் வருடக் கணக்காகக் காய் பறித்துத் தின்றிருக்கிறோம். எந்த ஜின்னும் வந்து ஒரு காய்க்குக்கூடக் கணக்குக் கேட்டதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஒருவரும் திரும்பி வரவில்லை. நான் பொறுப்பேற்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஜின் கதை என் காதுக்கு எட்டிய அன்று செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் தங்கச்சியின் குசினிக்குள் நுழைந்தேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் போவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா, வீட்டைக் கொடுப்பது பிடிக்கவில்லையா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். என் குரல் பக்கத்து வளவுக்குக் கேட்டிருக்கும். உம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இஞ்ச உனக்கும் அவனுக்கும் சண்டை வந்தா ஆருகா வெளிய போற?" என்று கேட்டார்.

அவர்தான் என்றேன்.

"அங்க வந்தா?"

காலில் பாதி கிடந்த செருப்பைக் கழற்றினேன்.

"அங்க ஊடு அவண்ட பேர்லதான் இரிக்கும். ஊருலகம் எல்லாம் அப்படித்தான். கோவிச்சா நீதான் புள்ளயையும் கையில புடிச்சிக்கிட்டு றோட்டுல நிப்பா. இஞ்ச வரவும் ஏலாது, இந்த ஊட்டுல வேற ஒருத்தன் இரிப்பான். அதுக்கா நான் தகரக் கொட்டில்ல கிடந்து இதக் கட்டின?"

மருமகனைக் குறையாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவன் நல்லவன்தான், ஆனால் நல்லவனை நம்பி வீட்டைக் கட்டுவதில்லை, காணியில்தான் கட்டுவது என்றார். எனக்கு இருந்த கோபத்தில் அது சரி என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அது சரி என்று தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது.

"அப்ப அங்கயும் என்ட பேர்லதான் எடுப்பன்," என்று சொல்லிவிட்டு வந்தேன். கொழும்பில் அது எப்படி நடக்கும் என்று எனக்கு ஒரு அறிவும் இல்லை.

வீடு தேடி நானும் அவரும் கொழும்புக்குப் போனோம். தரகர் ஒருவர் எங்களைச் சந்து சந்தாகக் கூட்டிப் போனார். எங்கள் கோழிக்கூட்டை விடச் சற்றுப் பெரிய அறைகளுக்கெல்லாம் வாடகை சொன்னார்கள். கடைசியில் தெமட்டகொடைப் பக்கம் ஒரு ஹாஜியாரின் வீட்டு மேல்மாடி பிடித்தது. இரண்டு அறை, சின்னக் குசினி, மகளுக்குப் பாடசாலை நடக்கிற தூரம். ஹாஜியார் நல்ல மனிதர்தான். தேநீர் தந்தார், என் வேலையைக் கேட்டார், கணக்காளர் என்றதும் மாஷா அல்லாஹ் என்றார். பிறகு ஒப்பந்தம் எழுதுவதற்கு என் கணவரின் பக்கம் கையை நீட்டி அடையாள அட்டையைக் கேட்டார். நான் என்னுடையதை வைத்தேன்.

அவர் அதை எடுக்கவில்லை. பெண்களின் பெயரில் எழுதுகிற வழக்கம் தன்னிடம் இல்லை, நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் யாரோடு பேசுவது என்று கேட்டார். என்னோடு பேசுங்கள் என்றேன். வாடகை என் சம்பளத்திலிருந்துதான் வரப்போகிறது, அவருக்கு இங்கே இன்னும் கடையே இல்லை என்றேன். ஹாஜியார் என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்து, தம்பி நீங்கள் சொல்லுங்கள் என்றார். எனக்கு எழும்பி வந்துவிடலாம் போல் இருந்தது. அந்த நேரத்தில் என் கணவர் மட்டும், சரி என் பெயரையே போடுங்கள், சும்மா ஒரு கடதாசிதானே என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். நானும் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேனோ என்னவோ.

"ஹாஜி, கல்முனையிலயும் நான் இவட ஊட்டிலதான் இரிக்கன்," என்றார் அவர். "இஞ்ச வந்து என்னத்துக்குப் புதுசா மாத்துற? இவட பேரையே போடுங்க."

தரகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்போ நீங்கள் வீட்டோட மாப்பிள்ளையா என்று கேட்டார். ஓம், எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று இவர் சொன்னார். அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவே இல்லை. அவரைக் கட்டி இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்தது. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஹாஜியார் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு, பெண் பெயரில் என்றால் தனக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று முற்பணத்தைக் கூட்டிச் சொன்னார். என் பெயருக்கு அவர் போட்ட விலை அது. கணவர் என் முழங்கையை மெல்லத் தொட்டார், பேரம் பேசு என்பதற்காக. நான் பேசவில்லை. சரி என்றேன். சமயம் பார்த்துப் பேரம் பேசத் தெரியாதவள் இல்லை நான், மீன்காரனைக் கேட்டால் சொல்வான். அன்றைக்கு எனக்குப் பேச மனமில்லை. கையெழுத்து வைத்தேன். சாட்சிக்கு என் கணவர் வைத்தார்.

கூட்டிய முற்பணத்துக்கு இடர்கடன் எடுத்தேன். அரசாங்க ஊழியருக்குக் கஷ்ட காலத்தில் கொடுக்கிற கடன் அது. விண்ணப்பத்தில் என்ன இடர் என்று கேட்டிருந்தார்கள். ஒரு ஹாஜியார் என்று எழுத முடியாதே. வேறு ஏதோ எழுதினேன். இப்போது கடன் தவணையும் சேர்ந்துகொண்டது. கல்முனை வீட்டுக்கு வாடகைக்காரர் வராவிட்டால் இரண்டாம் மாதமே நாங்கள் கொழும்பிலிருந்து சட்டி பானையோடு திரும்ப வேண்டியதுதான். நியமனமும் போகும், ஊரும் சிரிக்கும்.

ஊருக்கு வந்ததும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு உம்மாவிடம் போனேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். தரகர் சிரித்ததையும் விடவில்லை. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. உம்மாவுக்கு அது வாசிக்க வராது. இதில் உன் பெயர் எது என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவண்ட பேர் எங்கயும் இல்லியா?"

கீழே சாட்சியாக இருக்கிறது என்றேன். உம்மா கடதாசியை மடித்து என்னிடம் தந்துவிட்டு அசர் தொழ எழும்பிப் போனார். அதைச் சம்மதம் என்று எடுப்பதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் லொறி பேசிவிட்டேன்.

அந்தக் கிழமையே காத்தான்குடியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி உத்தியோகத்தரும் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். நான் லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன், இந்தத் தடவை ஒரு ஜின்னையும் உள்ளே விடுவதில்லை என்று. காக்காவும் அக்கரைப்பற்றிலிருந்து வந்து கதிரையில் சாய்ந்திருந்தார். ஆனால் நான் எழும்புவதற்குள் உம்மா வளவைக் கடந்து வந்துவிட்டார், முந்தானை முடிச்சை அவிழ்த்துத் திறப்பை எடுத்து, சாமான் கட்டிப் பூட்டி வைத்திருந்த அறைகளையெல்லாம் திறந்து காட்டத் தொடங்கினார். வங்கிக்காரர் ஏதோ கேட்டார். உம்மா அவருக்குப் பதில் சொல்லாமல் அவருடைய மனைவியைப் பார்த்தே பேசினார். என்னைக் காட்டி, வாடகைக் காசு மாதா மாதம் இவளின் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்றார். மகன் வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது, மருமகன் வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது, நானே வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்றார். அவள் வீடு வேண்டும் என்று சொல்லுகிற நாளில் மறுபேச்சில்லாமல் விட்டுத் தரவேண்டும் என்றார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளும் காத்தான்குடியில் தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவள், அவளுக்கு ஒன்றையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வங்கிக்காரர் ஒரு மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, கொழும்பில் எங்கே தங்கப் போகிறீர்கள், அரசாங்க விடுதி கிடைத்ததா என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் உம்மா திரும்பினார்.

"விடுதி என்னத்துக்கு?" என்றார். "கொழும்புலயும் அவட பேர்லதான் ஊடு."

வங்கிக்காரர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். காக்கா கதிரையில் நிமிர்ந்து எதையோ திருத்தப் போனார். உம்மா அவர் பக்கம் பார்த்தார். காக்கா மறுபடியும் சாய்ந்துகொண்டார். அது இன்னொருவரின் மேல்மாடி, மாதம் தவறினால் வெளியே, என் தலைக்கு மேல் ஒரு கடன், இவ்வளவும் அந்தக் கூடத்தில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"ஓம்," என்றேன் நான். "என்ட பேர்லதான்."